கெட்டியாப் பிடிச்சுக்கோ

அத்தியாயம் 17

நான்காம் நாள் காலை மர்ஜான் கண் விழித்ததே அந்த நாற்றத்தில்தான்.

நம் ஊர் சிம்கென்ட் விமான நிலையத்தில் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளே, அவளை ஒருவழியாக ப்ராக் நகரத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷனும் பெண்டாட்டியுமாக ஊர் சுற்றிப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. அதுவும் ஐரோப்பாவுக்கு. அதுவும் மாமியார் குல்யாஷ் தானாகக் கூப்பிட்டுக் கொடுத்த பரிசு. "இப்படி ஒரு மாமியார் உலகத்தில் உண்டா?" என்று உங்களில் பாதிப் பேர் கடிதம் எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் புருஷன் கனாத் பனியனோடு உட்கார்ந்திருந்தான். மடியில் ஓட்டல் துண்டு. துண்டின் மேல் கஸி.

குதிரைக் கறியைக் குடலில் அடைத்துப் புகை போட்டு குல்யாஷ் கட்டிக் கொடுத்தது. பனிக்காலத்தில் அதன் ருசியே தனி, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது ஜூன் மாதம். ஃபிரிட்ஜ் இல்லாத அறை. மூன்று நாளாக சூட்கேசுக்குள் அழுக்குத் துணிகளோடு கிடந்திருக்கிறது. தோல் பிசுபிசுத்து, கொழுப்பு மஞ்சளாகி, அறை முழுக்கப் புளித்த வாடை.

கனாத் பேனாக்கத்தியால் வட்டம் வட்டமாக அரிந்து வாயில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை நக்கினான்.

"கெட்டுப் போச்சுங்க அது. தூக்கிப் போடுங்க."

"அம்மா கட்டிக் குடுத்தது. எப்படிக் கெடும்? லேசா மணம் மாறியிருக்கு, அவ்வளவுதான். இந்தா, ஒரு துண்டு."

"வேணாம். கிட்ட கொண்டு வராதீங்க." மர்ஜான் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். "அன்சாரைப் பார்க்கணும். பிள்ளை என்ன பண்றானோ. ஃபோன் போடுங்க."

"தூங்கறானாம்."

"மூணு நாளாவா தூங்கறான்? நேத்து கேட்டா வெளிய விளையாடறான். முந்தாநாள் நெட் கிடைக்கல. உங்க அம்மாவுக்கு ஊர்வம்பு பேச மட்டும் நெட் நல்லாக் கிடைக்குது."

"ஏய், காலைலயே ஆரம்பிக்காத. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு வீடியோல வர்றாங்க. அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், போதுமா?"

பன்னிரண்டு மணி என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அதற்கப்புறம் கஸியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குளித்தாள், தலை வாரினாள், பிள்ளைக்குப் பிடித்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

ப்ராக் அழகான ஊர்தான். ஊரைக் குறை சொல்லி என்ன பயன்? பிள்ளையைப் பிரிந்து வந்தவளுக்கு எதைக் காட்டினாலும் குமட்டத்தான் செய்யும். எல்லாரும் வாய் பிளக்கும் அந்தப் பெரிய பாலத்தில் நேற்று ராத்திரி குடித்தவர்கள் கக்கி வைத்ததைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தாள். ஒரே மாதிரி சிவப்புச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு தடியன்கள் காலை ஒன்பது மணிக்கே பீர் கிளாசோடு ஒருவன் தோளில் ஒருவன் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சிலையடியில் பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. தடவினால் நினைத்தது நடக்குமாம். வரிசையில் நின்று தடவித் தடவி அது மஞ்சளாகப் பளபளத்தது. முன்னால் நின்றவர் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் தடவினார்.

"நீயும் தடவு, ஃபோட்டோ எடுக்கறேன். குடும்ப குரூப்ல போடணும்."

"சீ! நான் தொட மாட்டேன்."

"நம்ம ஜனங்க அங்க ஃபோட்டோவுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? முத்து உதிர்ந்துடுமா?"

சிரித்தாள். அந்தப் படத்தை அப்புறம் நான் பார்த்தேன். பல் தெரிகிறது, சிரிப்புத்தான் தெரியவில்லை.

அன்சாருக்கு வயது இரண்டு முடிந்து இரண்டு மாதம். ராத்திரியில் மட்டும் இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். "வெளியூர் போறதுக்கு முன்னாடி மறக்கடிச்சுடு, மருமகளே. இல்லாட்டி ராத்திரியெல்லாம் அழுது என் உயிரை எடுப்பான்" என்றாள் குல்யாஷ். நியாயமாகத்தான் பட்டது. காயத்துக்குப் போடும் பச்சை மருந்தை மர்ஜான் மார்பில் தடவிக்கொண்டாள். பிள்ளை பார்த்துவிட்டு, "அம்மாக்குப் புண்ணா?" என்று கேட்டு, வாயால் ஊதிவிட்டு, அப்புறம் பால் கேட்கவே இல்லை. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தால் விசா சுலபமாகக் கிடைக்கும் என்று சொன்னது கனாத். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பதினொன்றரைக்கே கனாத் அவளைப் பழைய சதுக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். மணிக்கு ஒரு தடவை அங்கே கோபுரத்துக் கடிகாரத்தில் சின்ன ஜன்னல் திறந்து பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். கீழே ஒரு எலும்புக்கூடு மணி அடிக்கும். இதைப் பார்க்க ஆயிரம் பேர் தலையை அண்ணாந்துகொண்டு நிற்கிறார்கள். வியர்வை வாடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முழுப் பன்றித் தொடையைக் கம்பியில் கோத்துத் திருப்பித் திருப்பிச் சுடுகிற வாடை. நம் ஆட்கள் தொடாத கறி. மர்ஜான் முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு" என்றான் கனாத்.

"இங்கயே ஏன் நிக்கணும்? சந்தடியில பிள்ளை பேசறது காதுல விழாது. அந்தச் சந்துக்குப் போயிடலாமே."

"கடிகாரத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு, பையனையும் பார்த்த மாதிரி ஆச்சு. சும்மா நில்லு." சொல்லிவிட்டு, சர்க்கரை புரட்டி உள்ளே பாலாடைக் களிம்பு அடைத்த சுருள் ரொட்டி ஒன்றை வாங்கிக் கடிக்க ஆரம்பித்தான். களிம்பு மீசையெல்லாம் ஒட்டியது.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஃபோன் அடித்தது. கனாத்தின் ஃபோன்தான். மர்ஜான் பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் ஒரே கும்பலாகத் தெரிந்தது. வீட்டுக் கூடத்தில் நீள விரிப்பு, அதன் மேல் ரொட்டி, உலர்ந்த பழம், பெரிய தட்டில் ஆட்டுக்கறி. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். நடுநாயகமாகப் பெரியவர் ஒராஸ், இறந்துபோன மாமனாரின் அண்ணன். விருந்து எதற்கு என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. ஏனென்றால் குல்யாஷின் மடியில் அன்சார் இருந்தான்.

புதுசாகத் தைத்த நீல வெல்வெட் அங்கி. தலையில் குல்லாய். இரண்டு கையாலும் முழங்கை நீளத்துக்கு ஒரு நல்லியெலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். கறியோடு, முட்டியோடு. கொழுப்பு வழிந்து முழங்கை வரைக்கும் ஒழுகியது. எலும்பு வழுக்கிக்கொண்டு சரிந்தது.

"செல்லம்! அன்சார்! அம்மா பாரு! ஐயோ, விழப் போகுது... கெட்டியாப் பிடிச்சுக்கோ! விடாத கண்ணு, கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

பிள்ளை பிடித்துக்கொண்டான்.

கூடமே கை தட்டியது. "கேட்டீங்களா? பெத்தவளே சொல்லிட்டா!" "எல்லாரும் சாட்சி, எல்லாரும் சாட்சி!" யாரோ ஒரு அம்மாள் மிட்டாயை அள்ளிப் பிள்ளை தலையில் வீசினாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த எலும்பைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். ஒரு பிள்ளையை இன்னொருவருக்குத் தத்துக் கொடுக்கும்போது, ஊர் பார்க்க அவன் கையில் ஆட்டு நல்லியைக் கொடுப்பார்கள். அவன் அதைப் பிடித்தால் அந்த வீட்டுப் பிள்ளை. பத்திரம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். தலைப்பிள்ளையைப் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்வதும் எங்களிடம் புதிதில்லை. ஆனால் மூன்று நாளாகப் பிள்ளை முகம் பார்க்காதவள் எலும்பையா பார்ப்பாள்?

"அன்சார், இங்க பாரு. இது யாரு?" குல்யாஷ் விரலால் திரையைக் காட்டினாள்.

பிள்ளை மர்ஜானைப் பார்த்தான். மிட்டாய் கொடுத்துச் சொல்லித் தந்த பாடம் நினைவு வந்தது போலிருக்கிறது. பளிச்சென்று சிரித்தான்.

"அண்ணி!"

"சமத்து! அப்போ நான் யாரு?"

"அம்மா!"

"டேய் தம்பி!" என்று மர்ஜானின் தோளுக்குப் பின்னாலிருந்து கனாத் கத்தினான். வாய் நிறைய ரொட்டி. அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கே கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. ஆயிரம் ஃபோன் மேலே உயர்ந்தது. திரையில் குல்யாஷ், "சரி, சரி, கடிகாரம் பாருங்க. நாங்க டீ குடிச்சு முடிக்கிறோம்" என்று சொல்லி அணைத்துவிட்டாள்.

பன்னிரண்டும் அடித்து முடிப்பதற்குள் மர்ஜான் குனிந்து, சதுக்கத்துக் கல்தரையில் வாந்தி எடுத்தாள்.

சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்து விலகினார்கள். கனாத் மட்டும் முகமெல்லாம் மலர்ச்சியாக அவள் முதுகைத் தடவினான்.

"பார்த்தியா? அடுத்தது வந்தாச்சு! அம்மா அப்பவே சொன்னாங்க, ஒண்ணைக் குடுத்தா வீட்டுக்கு ஒன்பது வரும்னு!"

விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்திருக்கும் வாசகிகளே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு வந்தது அருவருப்பு, வெறும் அருவருப்பு. முதுகில் ஊர்ந்த அந்தப் பிசுபிசுத்த கையை அவள் தட்டிவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"இன்னைக்கு விருந்து. எலும்பு. தெரியுமா, தெரியாதா?"

கனாத் அவள் கையிலிருந்த ஃபோனை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். ஜன்னல் மூடிவிட்டது, பார்க்க ஒன்றுமில்லை. "தெரியும். நீ ஒத்துக்க மாட்டே. அன்சார் நாப்பது நாள் குழந்தையா இருந்தப்பவே அம்மா கேட்டாங்க, நீ ஆட்டம் போட்டே. ரெண்டு வருஷமா வீட்டுல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல. அதான்..."

"அதான் ப்ராக்கா?"

"ஊர்ல இல்லாம இருந்தா உனக்கும் கஷ்டம் தெரியாது. கூட்டத்துல நிக்க வெச்சு ஃபோன் குடுத்தா நீ கத்த மாட்டேன்னு அம்மாதான் யோசனை சொன்னாங்க. நீ பாரு, கத்தவே இல்ல." ஏதோ பெருமையாகச் சொன்னான். "தவிர, உன் வாயாலயே கெட்டியாப் பிடிச்சுக்கோன்னு வேற சொல்லிட்டே. நானே எதிர்பார்க்கல!"

மூன்று நாளாகப் பார்த்த தேவாலயம், பாலம், படகு எல்லாம் அவளுக்கு ஒரேயடியாகப் புரிந்துபோயின. ஒவ்வொரு ஃபோட்டோவிலும் "சிரி, சிரி" என்றானே. பிள்ளையை வாங்கிக்கொள்பவர்கள் தாய் சிரிப்பதைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

"என்ன பெருசா மாறிடப் போகுது மர்ஜான்? அதே வீடு, அதே அடுப்பு. நீ சமைக்கறதைத்தான் அவன் சாப்பிடப் போறான். அம்மாவுக்கு அப்பா போனதுலேர்ந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கு. மாறப் போறது ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தை இல்லாம உங்க அம்மா வளர்க்கக் கூடாதா?"

"நானே அப்படி வளர்ந்தவன்தானே! என்னையும் எங்க அப்பாவோட அம்மா எடுத்துக்கிட்டாங்க. பன்னெண்டு வயசு வரைக்கும் நான் எங்க அம்மாவை அண்ணின்னுதான் கூப்பிட்டேன். நான் என்ன, கெட்டா போயிட்டேன்?"

மர்ஜான் அவனை நன்றாகப் பார்த்தாள். மீசையில் வெள்ளைக் களிம்பு. உதட்டோரம் சர்க்கரை. விரலிடுக்கில் காலையில் தின்ற கொழுப்பின் மஞ்சள். பெற்ற பிள்ளை 'அண்ணா' என்று கூப்பிடப் போவதில் ஒரு சங்கடமும் இல்லாத முகம். இவன் பக்கத்தில் ஆறு வருஷம் படுத்திருந்தோமே என்று நினைத்ததும் ஓரடி விலகி நின்றாள்.

"கெட்டுத்தான் போயிருக்கீங்க" என்றாள்.

அப்போதுதான் குல்யாஷ் கடைசியாகச் சொன்னது அவள் காதில் திரும்ப ஒலித்தது. டீ குடிச்சு முடிக்கிறோம். அப்படியானால் டீ இன்னும் முடியவில்லை. டீ முடிந்து, விருந்தில் மூத்தவர் இரண்டு கையையும் ஏந்தி ஆசி சொல்லி, எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் எங்கள் ஊரில் எந்தக் காரியமும் முடிந்ததாகக் கணக்கில்லை.

"ஃபோனைக் குடுங்க."

"எதுக்கு? அவங்க பேசிக்கிட்டு..."

அவன் வலது கையில் ரொட்டி இருந்தது. இடது கையிலிருந்து அவள் ஃபோனைப் பறித்துக்கொண்டாள். அவள் நம்பர் என்றால் குல்யாஷ் எடுத்திருக்க மாட்டாள். மகன் நம்பர். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

ஒராஸ் பெரியவர் கையை ஏந்தியிருந்தார். எல்லார் கையும் ஏந்தியிருந்தது. பிள்ளை மடியில், எலும்பு பிள்ளை கையில்.

"பெரிய மாமா! கையை இறக்குங்க!"

சதுக்கத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"நான் என் பிள்ளையைக் குடுக்கல. யாரும் என்கிட்ட கேக்கல. கறி கீழ விழுதேன்னு கெட்டியாப் பிடிச்சுக்கோன்னு சொன்னேன். எலும்பு எதுக்குன்னு தெரிஞ்சு சொல்லல."

"மருமகளே," குல்யாஷின் குரல் தேனாக வந்தது, "பெரியவங்க கை ஏந்தியிருக்கும்போது குறுக்க பேசறதா? வெயில் தலைக்கு ஏறியிருக்கு உனக்கு. நிழலாப் பார்த்து உட்காரு. கனாத், இவளுக்குத் தண்ணி வாங்கிக் குடுடா."

"குல்யாஷ்!"

கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. மாமியார் பெயரை மருமகள் வாயெடுத்துச் சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. அதே பெயர் கொண்ட அடுத்த வீட்டுக்காரியைக்கூட வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பெரிய பெரிய சண்டைகளில்கூட நான் அந்தப் பெயர் விழக் கேட்டதில்லை.

"குல்யாஷ், என்னைப் பாருங்க. கனாத் உங்களை முதல் தடவை அண்ணின்னு கூப்பிட்டானே, அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு? இத்தனை பேர் சாட்சி இருக்காங்க. சொல்லுங்க."

குல்யாஷ் திரையை ஏறிட்டுப் பார்த்தாள். தேன் வடிந்த முகம் உலர்ந்து, வேறொரு முகம் வெளியே வந்தது. அதில் ஐம்பத்து மூன்று வயதும் தெரிந்தது.

"செத்துடலாம்னு இருந்துச்சு. பன்னெண்டு வருஷம், தினமும் அப்படித்தான் இருந்துச்சு."

"அப்புறமும் எனக்கு ஏன் இதைச் செய்யறீங்க?"

"அதனாலதான்டி." குல்யாஷ் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "என்னை அம்மான்னு கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை ஒண்ணுகூட எனக்கில்ல. எனக்கு வர வேண்டியது இது. உன் முறை வரும்போது நீயும் எடுத்துக்கோ, யார் வேணாம்னா?"

ஒராஸ் பெரியவர் ஏந்திய கையை மெதுவாக முழங்கால் மேல் வைத்தார். "பெத்தவ வாயைத் திறந்து இல்லைன்னு சொன்னப்புறம் நான் என்னன்னு ஆசி சொல்றது, குல்யாஷ்? பையன் கையிலேர்ந்து எலும்பை வாங்கும்மா."

யாரும் வாங்கவில்லை. குல்யாஷ் பிள்ளையையும் ஃபோனையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். விரிப்பின் மேல் ஒரு கிண்ணம் உருண்டது.

"உங்க ஆசி உங்களோடயே இருக்கட்டும். பையன் என்கிட்ட இருக்கான். நானும் என் பிள்ளையும் கிளம்பறோம்."

"எங்கம்மா கிளம்பறே?" என்று யாரோ கேட்டார்கள். திரை ஆடியது. கூரை தெரிந்தது, கதவு தெரிந்தது, வாசல் வெயில் தெரிந்தது. அப்புறம் மிக நெருக்கத்தில் அன்சாரின் முகம். கன்னமெல்லாம் கொழுப்பு.

"அன்சார், உன் அண்ணிக்கு டாட்டா சொல்லு."

மர்ஜான் வாயைத் திறந்தாள். 'அம்மா டா, கண்ணு' என்று சொல்லத்தான் நினைத்தாள்.

பிள்ளை இரண்டு கையாலும் எலும்பை ஆட்டினான். அவள் சொன்னபடி இன்னும் கெட்டியாகத்தான் பிடித்திருந்தான்.

"டாட்டா அண்ணி!"

திரை அணைந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஃபோனையே அணைத்துவிட்டார்கள்.

"அம்மா கோபத்துல கிளம்பினா ஒரு வாரம் யாருக்கும் எங்கன்னு தெரியாது" என்றான் கனாத். மிச்ச ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தான். "விடு, எல்லாம் தானா சரியாகும். விமானத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. கோட்டைக்கு டிக்கெட் வேற வாங்கியாச்சு, வீணாக்க வேணாம். வா, ட்ராம் வருது."

மர்ஜான் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டினாள்.

"என் பாஸ்போர்ட்டை எடுடா" என்றாள்.